தாங்கவும் வேண்டும், நடுங்கவும் வேண்டும்

கார்த்திகைத் திருவிழாவின் ஏழாம் நாள் திருவண்ணாமலை மாட வீதிகளில் பெரிய தேர் ஓடும். வடம் பிடிக்கும் கூட்டத்தையும் மேலே ஆடும் சீலைகளையும் பார்க்கிற கண் அடித்தட்டுக்குப் போவதில்லை. ஒருமுறை குனிந்து பாருங்கள். கனத்த உத்தரங்கள், ஒன்றுக்குள் ஒன்று கோத்த குறுக்குச் சட்டங்கள். தேர்த்தச்சரின் கணக்கு எளிது. எவ்வளவு பாரம் வருமோ அதற்கு மேலும் ஒரு பங்கு தாங்குகிற மாதிரி செய்துவிட வேண்டும். மரம் மிஞ்சினால் குற்றமில்லை, குறைந்தால்தான் குற்றம்.

அதே ஊரில் செங்கம் சாலைப் பக்கம், ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் சாயங்காலம் நடந்தால் ஏதாவது ஒரு மாடியிலிருந்து கிட்டார் சத்தம் கேட்கும். எங்கிருந்தோ தோளில் மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்த கிட்டார். எடுத்துப் பார்த்தால் இரண்டு கிலோ இருக்கும். அதுவும் மரவேலைதான். இழைப்புளி, உளி, அரம், உப்புத்தாள், பசை என்று கருவிகளும் கிட்டத்தட்ட அவையேதான். ஆனால் தேர்த்தச்சரின் கணக்கை இங்கே கொண்டுவந்தால் காரியம் கெட்டது.

முதல் முறையாகக் கையால் கிட்டார் செய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் செய்கிற தவறு ஒன்றே. உடைந்துவிடுமோ என்று பயந்து கனமாகச் செய்துவிடுவார்கள். அந்தக் கிட்டார் வளையாது, பிளக்காது, பத்து வருஷம் கழித்தும் அப்படியே இருக்கும். என்ன, பாடத்தான் பாடாது.

கம்பிக்குக் குரல் இல்லை

வைப்ரேட்டில் போட்ட போனைக் கையில் வைத்திருந்தால் அழைப்பு வருவது நமக்கு மட்டும்தான் தெரியும். அதையே எவர்சில்வர் தட்டின் மேல் வைத்தால் வீடே திரும்பிப் பார்க்கும். போன் ஒன்றுதான், அதன் நடுக்கமும் ஒன்றுதான். தட்டு அந்த நடுக்கத்தை வாங்கி அகலமான காற்றைத் தள்ளுகிறது.

கிட்டார் கம்பிக்கும் இதே நிலைமை. ஊசி கனமுள்ள கம்பி எவ்வளவு துடித்தாலும் காற்று அதன் இரு பக்கமும் நழுவிப் போய்விடுகிறது. சுவரில் இரண்டு ஆணி அடித்துக் கம்பியை இழுத்துக் கட்டி மீட்டினால் பக்கத்தில் நிற்பவருக்கே சரியாகக் கேட்காது. ஆகவே கம்பியின் துடிப்பைக் குதிரை என்கிற சிறு மரக்கட்டை வாங்கி, கீழே இருக்கும் முகப்பலகையிடம் ஒப்படைக்கிறது. காற்றைத் தள்ளுவது முகப்பலகைதான்.

இதில் ஒரு பணக் கணக்கும் இருக்கிறது. நாகஸ்வரக்காரர் ஊதிக்கொண்டே இருக்கிறார், வயலின்காரர் வில்லை இழுத்துக்கொண்டே இருக்கிறார். அவர்களுக்குத் தினமும் வரவு உண்டு. கிட்டார் கம்பிக்கு வரவு ஒரே ஒரு தடவை, விரல் விட்ட அந்தக் கணம். அதற்குப் பிறகு செலவு மட்டும்தான். முகப்பலகை தாராளமாகச் செலவழித்தால் ஒலி பெரிதாக எழுந்து சீக்கிரம் அடங்கும். கஞ்சத்தனம் செய்தால் ஒலி சிறிதாக, நெடுநேரம் நிற்கும். இரண்டையும் முழுதாகக் கேட்க முடியாது.

நம் வீணை எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பாருங்கள். ஒரு சுரத்தைப் பிடித்துக் கம்பியை இழுத்து, அசைத்து, அடுத்த சுரத்தின் நிழலைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும் என்றால் ஒலி அதுவரை சாகாமல் இருக்க வேண்டும். கமகத்துக்கு நேரம் வேண்டும். அதனால்தான் தஞ்சாவூர் வீணையின் பலாமரக் குடம் கனமாக இருக்கிறது. ஒரே கட்டையில் குடைந்த ஏகாண்ட வீணையைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கனம் தெரியும். கிட்டார் பிறந்த ஊர்களில் ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் தாளம் போட்டு அடிக்க ஒரு கருவி வேண்டியிருந்தது. அங்கே மரம் மெலிந்தது. எவ்வளவு பலம், எவ்வளவு ஒலி என்ற பேரத்தில் கடைசி வார்த்தை இசையுடையது.

அட்டைக் கிட்டார்

ஸ்பெயின் நாட்டின் அல்மேரியாவைச் சேர்ந்த அந்தோனியோ தெ தோரஸ் (1817–1892) ஒரு தச்சர். இன்றைய கிளாசிக்கல் கிட்டாரின் உருவம் அவர் கைவழி வந்ததுதான். 1862-இல் அவர் ஒரு விசித்திரமான வேலை செய்தார். முகப்பலகையை மட்டும் வழக்கம்போல நல்ல மரத்தில் செய்து, முதுகையும் விலாவையும் காகித அட்டையால் செய்துவிட்டார். கிட்டாரின் குரல் முகப்பலகையில்தான் இருக்கிறது என்று தான் சொல்லிவந்ததை ஊருக்குக் காட்டுவதற்காக. அந்த அட்டைக் கிட்டார் இன்றும் பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அப்படியானால் அந்தப் பலகைக்கு எப்படிப்பட்ட மரம் வேண்டும்? கனமில்லாமல் விறைப்பாக இருக்க வேண்டும். மரங்களில் இந்த இரண்டும் சேர்ந்து அமைவது அபூர்வம். குளிர்நாட்டு ஊசியிலை மரமான ஸ்ப்ரூஸில் அது அமைந்திருக்கிறது. இரும்பின் எடையில் பதினெட்டில் ஒரு பங்குகூட இல்லாத மரம் அது. ஆனால் நார் ஓடும் திசையில் அதற்குள் ஒலி விநாடிக்கு 5,000 மீட்டருக்குக் குறையாமல் ஓடுகிறது. எஃகுக்குள் ஓடும் வேகமும் ஏறக்குறைய அதுதான். காற்றில் ஒலியின் வேகம் வெறும் 340 மீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் இதன் அருமை புரியும்.

மரத்தை அறுக்கும் விதமும் முக்கியம். பப்பாளியை நீளவாக்கில் கீற்றுப் போடுவது மாதிரி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பிளக்க வேண்டும். அப்போதுதான் ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்தில் நெருக்கமான நேர்கோடுகளாக நிற்கும். அப்படி ஒரு கீற்றை நடுவே பிளந்து, புத்தகத்தை விரிப்பதுபோல விரித்து, இரண்டு பாதிகளையும் விளிம்போடு விளிம்பு ஒட்டுவார்கள். ஒட்டும் முன் ஒரு சோதனை உண்டு. இரண்டு விளிம்புகளையும் பசையில்லாமல் சேர்த்துப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பது. மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் மறுபடி இழைப்புளி. சேர்த்துப் பிடித்த இடம் முழுவதும் இருட்டாகும்வரை பசை டப்பாவைத் திறக்கக் கூடாது.

முதுகுக்கும் விலாவுக்கும் உலகம் முழுவதும் மதிப்பாகத் தேடும் மரம் நம்முடையது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி. தோதகத்தி என்றும் சொல்வோம். பிரேசில் நாட்டு ஈட்டி கிடைப்பது அரிதான பிறகு, 1969 வாக்கில் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் இந்திய ஈட்டிக்கு மாறியது. நம் பாட்டி வீட்டு அலமாரியும் அமெரிக்கப் பாடகரின் கிட்டாரும் ஒரே காட்டு மரமாக இருக்க வாய்ப்புண்டு. மோகம் கூடினால் காடு தாங்காது. தமிழ்நாட்டில் ஈட்டியைக் காக்க 1994-இல் தனிச் சட்டமே வந்தது. 2017 ஜனவரியில் சைட்டிஸ் என்னும் பன்னாட்டு ஒப்பந்தமும் ஈட்டிக் குடும்பம் முழுவதையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்குக் கிடைத்தது.

கடைசிச் சீவல்

இப்போது ஆபத்தான வேலைக்கு வருவோம். ஆறு எஃகுக் கம்பிகளையும் சுதி சேர்த்து முறுக்கினால் அவை ஒன்றாக இழுக்கும் விசை 70 கிலோவைத் தாண்டும். கிட்டத்தட்ட ஒன்றரை மூட்டை சிமென்ட். அதைத் தாங்கப் போவது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனமுள்ள பலகை. ஊரில் எந்த ஆசாரியிடம் காட்டினாலும், "ஏன் தம்பி, இவ்ளோ மெல்லிசா இழைச்சா தாங்குமா?" என்றுதான் முதலில் கேட்பார். நியாயமான கேள்வி.

தனியாகத் தாங்காது. அதனால் பலகையின் உட்புறம் மெல்லிய சட்டங்களை ஒட்டுவார்கள். தோரஸ் அவற்றை விசிறி மடிப்புபோல விரித்து வைத்தார். ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா போன சி. எஃப். மார்ட்டின் பட்டறையில் 1840-களில் பெருக்கல் குறிபோல இரண்டு சட்டங்கள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் முறை வந்தது. அப்போது கிட்டாருக்கு நரம்புதான் கம்பி. பிற்பாடு எஃகுக் கம்பி வந்து இழுவிசை ஏறியபோது அந்தப் பெருக்கல் குறி பாரத்தைத் தாங்கிவிட்டது. இன்றும் எஃகுக் கம்பி கிட்டார்களில் பெரும்பாலானவற்றின் வயிற்றுக்குள் அது இருக்கிறது.

பலகையையும் சட்டத்தையும் எவ்வளவு இழைப்பது? இங்கே இயற்பியல் ஒரு கண்டிப்பான விதி வைத்திருக்கிறது. பலகையின் எடை கனத்துக்கு நேராகக் குறையும். விறைப்போ கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் குறையும். 3 மில்லிமீட்டர் பலகையில் 0.3 மில்லிமீட்டர் இழைத்தால் எடை பத்தில் ஒரு பங்கு போகும். விறைப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல், 27 விழுக்காடு போய்விடும். ஆரம்பத்தில் எத்தனை சுருள் உதிர்ந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. கடைசி இரண்டு மூன்று சீவல்தான் கிட்டாரின் தலையெழுத்தை எழுதும். அதிகம் இழைத்துவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது.

எங்கே நிறுத்துவது என்று காதுதான் சொல்ல வேண்டும். தேங்காய்க் கடையில் தட்டிப் பார்த்து வாங்குகிறோமே, அதே வித்தைதான். ஆனால் பிடிக்கும் இடம் முக்கியம். நடுங்கும் பலகையில் சில இடங்கள் மட்டும் அசையாமல் நிற்கும். நீளவாக்கில் ஒரு முனையிலிருந்து ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், 22 விழுக்காட்டில், அப்படி ஒரு கணு உண்டு. அங்கே இரு விரலால் கிள்ளிப் பிடித்து, நடுவில் விரல்முட்டியால் தட்டினால் பலகை மணிபோலப் பேசும். வேறு இடத்தில் பிடித்தால் நம் விரலே அதன் வாயைப் பொத்திவிடும். இழைக்க இழைக்கத் தட்டும் ஒலி இறங்கிக்கொண்டே வரும், கூடவே நீண்டுகொண்டும் வரும்.

கண்ணாலும் பார்க்கலாம். ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் கிளாட்னி 1787-இல் வெளியிட்ட வித்தை அது. பலகையின் மேல் மணலைத் தூவி அதை நடுங்கவைத்தால், துடிக்கும் இடத்திலிருந்து மணல் துள்ளி ஓடி, அசையாத கணுக்கோடுகளில் போய்ச் சேரும். கிட்டார் செய்பவர்கள் மணலுக்குப் பதில் டீத்தூளைத் தூவுவதுண்டு. அடியிலிருந்து ஒரு ஸ்பீக்கர் ஒலிக்க, சுருதி மாற மாற டீத்தூள் தானாகவே கோலம் மாற்றிப் போடும். வயிறு முழுவதும் ஒன்றாக ஏறி இறங்கும் கோலம்தான் பெரிய ஒலி தரும். இடப்பாதி ஏறும்போது வலப்பாதி இறங்கும் கோலம் பார்க்க அழகு, கேட்க மங்கல். ஒரு பாதி தள்ளிய காற்றை மறுபாதி உறிஞ்சிக்கொள்கிறது.

தோசைக்கல்லும் சோடா பாட்டிலும்

விலாப்பலகையை வளைப்பது கிட்டார் வேலையிலேயே வேடிக்கையான கட்டம். 2 மில்லிமீட்டர் கனமுள்ள ஈட்டிப் பலகையைத் தண்ணீரில் நனைத்து, உள்ளே சூடேற்றிய உலோகக் குழாயின் மேல் வைத்து அழுத்துவார்கள். குழாய் போதுமான அளவு காய்ந்ததா என்று அறிய நம் வீட்டுச் சோதனையே போதும். தண்ணீர் தெளித்தால் தோசைக்கல்லில் போலத் துள்ளி ஓட வேண்டும். மரத்தின் நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருள் ஈரச்சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். கையில் இருக்கும் பலகை சட்டென்று மனம் மாறியதுபோல வழிவிடும் கணம் ஒன்று வரும். அதுவரை பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் படார். அந்தச் சூட்டில் ஈட்டி விடும் இனிப்பான வாசனை பட்டறை முழுதும் பரவும்.

பெட்டி மூடியதும் உள்ளே ஒரு புதிய வாத்தியம் சேர்ந்துவிடுகிறது. அது காற்று. சோடா பாட்டில் வாயில் ஊதினால் 'பூம்' என்று வருமே, கிட்டாரின் வட்டத் துளையிலும் அதுதான் நடக்கிறது. துளைவாயில் உள்ள காற்று ஒரு எடை, உள்ளே அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங். இரண்டும் சேர்ந்து விநாடிக்கு ஏறக்குறைய 100 தடவை துடிக்கும். தடித்த கம்பிகளின் கனத்த குரலுக்குத் தோள் கொடுப்பது இந்தக் காற்றுதான். ஓர் அட்டையால் துளையை மூடி மீட்டிப் பாருங்கள். கம்மிய தொண்டைபோலக் கீழ்ச்சுரங்கள் ஒல்லியாகிவிடும், மேல்சுரங்கள் அவ்வளவாக மாறாது. ஒலி துளையிலிருந்துதான் வருகிறது என்ற பொது நம்பிக்கையில் பாதி உண்மைதான் உண்டு.

அதிலும் ஒரு வேடிக்கை. மிகத் தடித்த கம்பியின் அடிச்சுரம் 82 ஹெர்ட்ஸ். காற்றின் 100-க்கும் கீழே இருப்பதால் பெட்டி அதை வலுவாக எழுப்புவதில்லை. அதன் மடங்குகளான மேற்சுரங்கள் வந்து சேருகின்றன, விடுபட்ட அடிச்சுரத்தை நம் மூளை இட்டு நிரப்பிக்கொள்கிறது. இல்லாத ஒன்றைத்தான் நாம் கனமாகக் கேட்கிறோம்.

கணக்கு மெட்டும் மெழுகு மெட்டும்

கழுத்தின் குறுக்கே மெட்டு என்னும் உலோகக் கீற்றுகளைப் பதிக்கும் வேலையில் மட்டும் காதுக்கு இடமில்லை, கணக்குதான். கம்பியின் ஒலிக்கும் நீளம் 650 மில்லிமீட்டர் என்று வையுங்கள். அதை 17.817-ஆல் வகுத்தால் 36.48 வரும். முதல் மெட்டு அங்கே. மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் இரண்டாம் மெட்டு. இப்படி 12 தடவை போனால் சரியாக 325-இல், கம்பியின் பாதியில் வந்து நிற்கும். அதுதான் மேல் ஸ்தாயி ச.

பழைய காலத்தில் இதையே 18-ஆல் வகுக்கச் சொன்னவர் வின்சென்சோ கலிலி. விஞ்ஞானி கலிலியோவின் அப்பா. 1581-இல் சொன்னார். அந்தக் கணக்கில் பன்னிரண்டாம் மெட்டு 322.6-இலேயே நின்றுவிடும், சுருதி சற்றே தாழும். ஆனால் மெட்டின் மேல் விரல் அழுத்தும்போது கம்பி கொஞ்சம் இழுபட்டுச் சுருதி ஏறுகிறது. ஒரு பிழை இன்னொரு பிழையை ஈடுகட்ட, காதுக்கு ஏறக்குறையச் சரியாகவே இருந்தது. இன்று கணக்கைத் துல்லியமாக வைத்துக்கொண்டு, குதிரையை மட்டும் சில மில்லிமீட்டர் பின்னால் தள்ளிச் சாய்வாக வைக்கிறார்கள்.

வீணை இதற்கு நேர் எதிர். தண்டியின் மேல் கரி கலந்த தேன்மெழுகை ஏற்றி, அது இளகியிருக்கும்போதே 24 மெட்டுகளையும் காதால் கேட்டுக் கேட்டு நகர்த்தி நிறுத்துவார்கள். மேளம் கட்டுதல் என்று அதற்குப் பெயர். கிட்டாரின் மெட்டு கணக்கில் பிறந்து மரத்தில் இறுகியது, வீணையின் மெட்டு காதில் பிறந்து மெழுகில் நிற்பது.

குதிரையிலும் வித்தியாசம் உண்டு. கிட்டார் குதிரையின் விளிம்பு கூர்மையானது. பன்னிரண்டாம் மெட்டுக்கு நேர் மேலே, கம்பியின் நட்டநடுவில் மீட்டிப் பாருங்கள், ஒலி உள்ளீடற்றதுபோல இருக்கும். மீட்டும் இடத்தில் கணு உள்ள மேற்சுரங்கள் பிறக்காது என்பது விதி. வீணையும் தம்பூராவும் அந்த விதிக்குக் கட்டுப்படவில்லை என்று 1921-இல் எழுதியவர் சர் சி. வி. ராமன். அவற்றின் குதிரை அகலமாக, லேசான மேடாக இருப்பதால் கம்பி ஒவ்வொரு துடிப்பிலும் அதை உரசி உரசி எழுகிறது. பிறக்கக் கூடாத மேற்சுரங்களும் அந்த உரசலில் பிறந்துவிடுகின்றன. ராமன் விளைவுக்கும் நோபல் பரிசுக்கும் முந்திய ராமன், வாத்தியங்களில் மூழ்கிக் கிடந்த ராமன்.

தீபத்துக்கு ஒட்டினால்

திருவண்ணாமலையிலிருந்து கிழக்கே 100 கிலோமீட்டர் சொச்சம் போனால் ஆரோவில். அங்கே எரிசா நியோகி கையால் கிட்டார் செய்கிறார். ஆக, நம் வெயிலும் மழையும் இந்த வேலைக்கு ஒத்துவராதவை அல்ல. ஆனால் நாள் பார்க்க வேண்டும்.

மழைக்காலத்தில் வாசற்கதவு இறுகிக்கொள்வதும் கோடையில் தளர்வதும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். மரம் ஈரத்தைக் குடித்து உப்பும், காய்ந்து சுருங்கும். அதுவும் நாருக்குக் குறுக்கே மட்டும், நாரின் நீளத்தில் அசைவு மிகக் குறைவு. 40 சென்டிமீட்டர் அகல முகப்பலகையில் ஈரம் ஐந்து விழுக்காடு குறைந்தால் அகலம் 2 மில்லிமீட்டருக்கு மேல் சுருங்கிவிடும். உள்ளே குறுக்காக ஒட்டிய சட்டமோ நீளவாக்கில் சுருங்க மறுக்கும். பலகை சுருங்கப் பார்க்கிறது, சட்டம் விடமாட்டேன் என்கிறது. நடுவில் பிளவு விழும்.

கார்த்திகை மழையில், தீபத்துக்கு ஒட்டிய பலகை அக்னி நட்சத்திரத்தில் பிளக்கும். காற்று காய்ந்திருக்கும் நாளில் ஒட்டினால், பிறகு வரும் மழையில் பலகை உப்பிக் கொஞ்சம் மேடாகும், அவ்வளவுதான், உடையாது. கைதேர்ந்தவர்கள் காற்றின் ஈரப்பதம் 45 விழுக்காட்டு வாக்கில் இருக்கும்படி அறையை வைத்துக்கொண்டு சட்டம் ஒட்டுகிறார்கள். அந்த வசதி இல்லாதவருக்குக் கைகொடுப்பது சுவரில் மாட்டிய ஓர் ஈரமானியும் பொறுமையும்.

எல்லாம் முடிந்து கம்பி கட்டும் நாள் வரும். ஆறு முடுக்கிகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, முதல் சுதி சேர்த்துக் கையை எடுத்தால் ஐந்தே நிமிஷத்தில் இறங்கியிருக்கும். மறுபடி ஏற்ற வேண்டும், மறுபடி இறங்கும். கம்பி நீள்கிறது, கழுத்து வளைகிறது, மரம் தன்மேல் வந்த பாரத்தைப் புரிந்துகொள்கிறது. இரண்டு மூன்று நாள் கழித்து ஓர் இரும்பு ஸ்கேலை எடுத்துக் குதிரைக்குப் பின்னால் முகப்பலகைக்குக் குறுக்கே வையுங்கள். இழைத்தபோது ஸ்கேல் படிந்து கிடந்த இடத்தில் இப்போது நடுவில் மட்டும் தொடும், இரு ஓரங்களிலும் சன்னமான வெளிச்சம் தெரியும். பலகை புடைத்திருக்கிறது.

முதல் முறை செய்தவருக்கு அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் அடிவயிறு கலங்கும். ஒட்டும் முன் விளிம்பில் வெளிச்சம் தெரிந்தால் தவறு என்று படித்தவர் அல்லவா? இந்த வெளிச்சம் வேறு. ஒன்றரை மூட்டை பாரம் இழுக்க, பலகை ஒரு மயிரளவு இணங்கிக்கொடுத்து நின்றுவிட்டது. அந்த இணக்கத்தில்தான் அதன் குரல் இருக்கிறது. ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சமே தெரியவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். அப்போது அவர் செய்து வைத்திருப்பது ஒரு சின்னத் தேர்.